ஆங்கிலத்தில் கமா எங்கே போடுவது? டர்பனில் ஆண்டு மலர் திருத்துபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

டர்பனில் கோயில் ஆண்டு மலர், சங்கக் கூட்டக் குறிப்பு, இரங்கல் செய்தி, நன்கொடைக் கடிதம் எதை எடுத்தாலும் தமிழ் ஒரு பக்கம் என்றால் ஆங்கிலம் மூன்று பக்கம் இருக்கும். அந்த ஆங்கிலப் பக்கங்களைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன். ஒவ்வொரு ஆண்டும் உதவிக்குப் புதிதாக இரண்டு மூன்று இளையவர்கள் வருவார்கள். முதல் மாலையிலேயே எல்லோரும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்: கடைசி 'அண்ட்'டுக்கு முன்னால் கமா வருமா, வராதா? அந்த வாக்குவாதம் முடிவதற்குள் தேநீர் ஆறிவிடும். பொருளையே புரட்டிப்போடும் கமாக்கள் யார் கண்ணிலும் படாமல் அச்சுக்குப் போய்விடும்.

அதனால்தான் இங்கே விதிகளைவிட வரிசையை அதிகம் பேசுகிறேன். எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசிக்குத் தள்ளுவது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆங்கில வாக்கியங்களை ஒலிப்படி தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கமா நிற்கும் இடத்தை மட்டும் கவனியுங்கள்.

1. உட்காருவதற்கு முன்

திருத்த வேண்டியதை அச்செடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே மிகச் சிறிய குறி கமாதான். திரையில் படிக்கும்போது கண் அதைத் தாண்டி ஓடிவிடும்.

ஒரு சிவப்புப் பேனா, ஒரு பென்சில் வேண்டும். கட்டாயத் திருத்தத்துக்குச் சிவப்பு. 'இப்படியும் எழுதலாம், அப்படியும் எழுதலாம்' என்ற இடங்களுக்குப் பென்சில். இரண்டையும் ஒரே மையில் எழுதினால், கட்டுரை எழுதியவர் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சண்டைக்கு வருவார்.

ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்து மேலே 'முடிவுத் தாள்' என்று எழுதிவையுங்கள். சர்ச்சையான விதிகளில் இந்த மலருக்கு எந்தப் பக்கம் என்பதை அதில் ஒவ்வொரு வரியாகக் குறிப்போம். எந்த முடிவு என்பதைவிட, முதல் பக்கத்தில் எடுத்த முடிவு நாற்பதாம் பக்கத்திலும் இருக்கிறதா என்பதுதான் வாசகர் கண்ணில் படும்.

அப்புறம், வேர்டில் மொழி அமைப்பைப் பாருங்கள். பல கணினிகளில் அது அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்கும். இங்கே நாம் எழுதுவது பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கை ஒட்டியது. தென்னாப்பிரிக்க ஆங்கிலம் என்று மாற்றிவிடுங்கள். அப்படி மாற்றினாலும் கமாவுக்கு வேர்டு போடும் கோடுகளை நம்பாதீர்கள். அதற்கு உங்கள் வாக்கியத்தின் பொருள் தெரியாது.

2. மூன்று குவியலாகப் பிரியுங்கள்

சந்தேகமான ஒவ்வொரு கமாவும் இந்த மூன்றில் ஒன்றில் விழும். முதலாவது, எந்தக் கையேட்டைத் திறந்தாலும் பிழை என்று சொல்லுமிடம். இரண்டாவது, கமா இருந்தால் ஒரு பொருள், இல்லாவிட்டால் வேறு பொருள் தருமிடம். மூன்றாவது, அறிஞர்களே இரண்டு கட்சியாக நிற்குமிடம்.

இந்த வரிசையிலேயே திருத்துங்கள். முதல் குவியலைத் திருத்தும்போது வாக்கியத்தின் வடிவமே மாறிவிடுவதுண்டு. மூன்றாவதை முதலில் தொட்டிருந்தால் அந்த உழைப்பு வீண்.

3. முதல் குவியல்: மூச்சு வாங்கும் இடத்தில் கமா வராது

புதிதாக வருபவர்களில் பலர் பள்ளியில் கேட்டது ஒன்றைச் சொல்வார்கள்: 'வாய்விட்டுப் படி, நிற்கும் இடத்தில் கமா போடு.' மேடைப் பேச்சுக்கு அது சரி. இன்றைய ஆங்கில எழுத்தில் கமா மூச்சைப் பார்ப்பதில்லை, வாக்கிய அமைப்பைப் பார்க்கிறது. மூச்சை நம்பினால் மூன்று பிழைகள் வரும்.

எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே கமா: 'தி டிவோட்டீஸ் ஹூ கேம் ஃப்ரம் டோங்காட் அண்ட் வெருலம், வெயிட்டட் நியர் தி ரிவர்.' இந்தக் கமாவை எடுத்துவிடுங்கள். தமிழில் 'டோங்காட்டிலிருந்து வந்த பக்தர்கள், ஆற்றங்கரையில் காத்திருந்தார்கள்' என்று எழுதினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அந்தப் பழக்கம்தான் கையோடு வருகிறது. எழுவாய் எவ்வளவு நீண்டாலும் ஆங்கிலத்தில் அதை வினையிலிருந்து ஒற்றைக் கமாவால் வெட்டக் கூடாது.

இரண்டு முழு வாக்கியங்களைக் கமாவால் ஒட்டுவது: 'தி சேரியட் ஸ்டாப்ட், தி ட்ரம்ஸ் வென்ட் ஆன்.' நம்மவர்கள் செய்யும் பிழைகளில் இதுதான் முதலிடம். காரணமும் தெளிவு. 'குளித்து, நெற்றியில் நீறு பூசி, காவடி எடுத்து, நடந்து' என்று வினையெச்சத்தைக் கோத்துக்கொண்டே போனாலும் தமிழ் தாங்கும். ஆங்கிலத்தில் முற்றுவினை வந்துவிட்டால் வாக்கியம் முடிந்தது. முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வையுங்கள், அல்லது கமாவோடு 'அண்ட்', 'பட்' சேருங்கள். 'ஹௌவெவர்' இந்த வேலையைச் செய்யாது. அதற்கு முன்னால் அரைப்புள்ளி வேண்டும். தேர்ந்த பிரிட்டிஷ் எழுத்தாளர்கள் சிறிய வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டுவது உண்டுதான். அந்தச் சலுகை கதைக்கு இருக்கட்டும், பொருளாளர் அறிக்கைக்கு வேண்டாம்.

ஜோடியில் ஒன்று காணாமல் போவது: 'சாட்ஸ்வர்த், வேர் மை ஆன்ட்டி லிவ்ஸ் இஸ் ஃபார் ஃப்ரம் ஹியர்.' இடைச்செருகலாக வரும் தொடருக்கு இரண்டு பக்கமும் கதவு வேண்டும். திறந்த கதவை 'லிவ்ஸ்'க்குப் பிறகு சாத்துங்கள். ஊர்ப்பெயரோடு மாகாணப்பெயர் வந்தாலும் அப்படித்தான்: 'ஸ்டாங்கர், க்வாசூலு-நடால், இஸ்...'

4. இரண்டாம் குவியல்: பொருளை மாற்றும் கமா

இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும். இந்த இடங்களில் இலக்கணம் தெரிந்தால் மட்டும் போதாது. எழுதியவரைக் கூப்பிட்டு 'அங்கிள், நீங்கள் சொல்ல வந்தது என்ன?' என்று கேட்க வேண்டியிருக்கும்.

'தி வாலண்டியர்ஸ் ஹூ குக்ட் ஆல் நைட் வில் பி தேங்க்ட்.' கமா இல்லாவிட்டால், இரவெல்லாம் சமைத்தவர்களுக்கு மட்டுமே நன்றி. 'தி வாலண்டியர்ஸ், ஹூ குக்ட் ஆல் நைட், வில் பி தேங்க்ட்' என்றால் தொண்டர்கள் எல்லோருக்கும் நன்றி, அவர்கள் எல்லோரும்தான் சமைத்தார்கள். தமிழில் 'இரவெல்லாம் சமைத்த தொண்டர்கள்' என்ற ஒரே தொடர் இரண்டுக்கும் ஓடும். பெயரெச்சம் பெயருக்கு முன்னாலேயே வந்துவிடுவதால் அங்கே கமா போடவும் இடமில்லை. அதனால்தான் இந்த வேறுபாடு நமக்குச் சட்டென்று உறைப்பதில்லை. அந்தத் தொடரை விரலால் மறைத்துப் படியுங்கள். வாக்கியம் இன்னமும் அதே ஆட்களைக் குறித்தால் இரண்டு கமா போடுங்கள். ஆட்கள் மாறினால் ஒன்றுகூட வேண்டாம்.

'தட்', 'விச்' தகராறும் இதிலிருந்து வந்ததுதான். கமா இல்லாத இடத்தில் 'தட்'தான் வர வேண்டும் என்று அமெரிக்கப் பதிப்பாசிரியர்கள் பிடிவாதமாக இருப்பார்கள். பிரிட்டிஷ் வழக்கில் அங்கே 'விச்'சும் வரலாம். நாம் பின்னதை ஒட்டுவதால் 'விச்'சைப் பார்த்தவுடன் கமா போட்டுவிடாதீர்கள். விரல் சோதனையைச் செய்துவிட்டுப் போடுங்கள்.

அடுத்தது உறவுமுறையும் பெயரும். 'ஹிஸ் சன் ரவி' என்று கமா இல்லாமல் எழுதினால், பல மகன்களில் ரவி என்பவர். 'ஹிஸ் சன், ரவி,' என்றால் ஒரே மகன். இதன்படி பார்த்தால் மனைவி பெயருக்குக் கமா கட்டாயம், இல்லாவிட்டால் இன்னொருத்தி எங்கே என்று கேட்கலாம். சின்னப் பெயர் ஒட்டி வந்தால் இவ்வளவு கறார் தேவையில்லை என்று பல பதிப்பாசிரியர்கள் விட்டுவிடுகிறார்கள். கட்டுரையில் நானும் விட்டுவிடுவேன். இரங்கல் பக்கத்தில் விட மாட்டேன். ஒரு முறை யாரையும் கேட்காமல் மகன் பெயருக்கு இரண்டு பக்கமும் கமா போட்டுவிட்டேன். மலர் வெளியான அன்று மாலையே இரண்டாவது மகனிடமிருந்து தொலைபேசி வந்தது. இப்போதெல்லாம் இரங்கல் செய்தி வந்தால் முதல் கேள்வி, பிள்ளைகள் எத்தனை பேர் என்பதுதான்.

'நாட்' வந்த வாக்கியத்தில் 'பிகாஸ்' வந்தால் நின்று பாருங்கள். 'ஹி டிட் நாட் கம் பிகாஸ் ஆஃப் தி ஃபுட்.' சாப்பாடு பிடிக்காததால் வரவில்லையா, வந்தார் ஆனால் சாப்பாட்டுக்காக இல்லையா? முதல் பொருள் என்றால் 'பிகாஸ்'க்கு முன் கமா வேண்டும். பொதுவாக 'பிகாஸ்'க்கு முன் கமா வராது என்று படித்தவர்கள் இங்கே தடுமாறுவார்கள். கமா போட்டும் மனம் ஒப்பவில்லை என்றால் வாக்கியத்தையே மாற்றி எழுதுங்கள். நான் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறேன்.

விளித்தலும் இந்தக் குவியல்தான். 'முருகா' என்று கூப்பிடும்போது தமிழில் சொல்லே மாறிவிடுகிறது, குறி தேவையில்லை. ஆங்கிலத்தில் பெயர் மாறாது, கமாதான் அந்த வேலையைச் செய்கிறது: 'தேங்க் யூ, ஆன்ட்டி.' மின்னஞ்சல் தொடக்கத்தில் மட்டும் கறார் விதி தோற்றுவிட்டது. 'ஹை, ஆன்ட்டி' என்பதே இலக்கணப்படி சரி. ஆனால் நடுவில் கமா இல்லாமல் எழுதுவதுதான் இன்று உலக வழக்கு. அதைத் தொடாதீர்கள்.

5. இப்போது அந்த 'அண்ட்' கமா

பட்டியலின் கடைசி 'அண்ட்'டுக்கு முன்னால் வரும் கமாவுக்கு ஆக்ஸ்ஃபோர்ட் கமா என்று பெயர். ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகமும், அமெரிக்கப் பதிப்பாசிரியர்கள் பின்பற்றும் சிகாகோ கையேடும் போடச் சொல்கின்றன. பெரும்பாலான பிரிட்டிஷ் செய்தித்தாள்கள் தேவைப்பட்டால் மட்டுமே போடுகின்றன. 'இட்லியும் தோசையும் வடையும்' என்று ஒவ்வொன்றுக்கும் உம் போட்டுக் கட்டிவிடும் நமக்கு இந்தத் தலைவலி இல்லை.

கமா தேவைப்படும் இடம்: 'வீ தேங்க் அவர் ஸ்பான்சர்ஸ், தி பிரீஸ்ட் அண்ட் தி காவடி கமிட்டி.' குருக்களும் காவடிக் குழுவும்தான் புரவலர்கள் என்று இதைப் படிக்கலாம். 'பிரீஸ்ட்'டுக்குப் பின் கமா போட்டால் மூன்று தரப்பாகப் பிரிந்துவிடும்.

கமா போட்டாலே குழம்பும் இடமும் உண்டு: 'வீ தேங்க் அவர் சேர்மன், எ டாக்டர், அண்ட் தி பிரீஸ்ட்.' இங்கே தலைவர்தான் டாக்டர் என்றாகிறது. எனவே 'எப்போதும் போடு' கட்சியும் 'எப்போதும் போடாதே' கட்சியும் ஏதாவது ஒரு வாக்கியத்தில் அடிவாங்கும். இரண்டுக்கும் மருந்து வரிசையை மாற்றுவதுதான். 'தி பிரீஸ்ட், தி காவடி கமிட்டி அண்ட் அவர் ஸ்பான்சர்ஸ்' என்றால் கமா இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருள் ஒன்றே.

இது வெறும் அழகு விஷயம் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து வழக்கைச் சொல்வேன். கூடுதல் நேர ஊதியம் தர வேண்டாத வேலைகளைப் பட்டியலிட்ட சட்டம் அங்கே 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்' என்று முடிந்தது. 'ஷிப்மென்ட்'டுக்குப் பின் கமா இல்லை. அனுப்புவதற்கோ விநியோகிப்பதற்கோ கட்டுவது என்ற ஒரே வேலையா, கட்டுவது ஒன்று, விநியோகிப்பது வேறொன்றா? ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள், விநியோகம் மட்டும் செய்யும் தங்களுக்கு விலக்கு பொருந்தாது என்று வாதிட்டார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. சட்டம் எழுதுவோருக்கான அந்த மாநிலத்துக் கையேடே இந்தக் கமாவைப் போட வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தது. பின்னர் அந்தப் பட்டியலை அரைப்புள்ளி வைத்துத் திருத்தினார்கள்.

நம் ஊருக்கு வருவோம். தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, மதிக்கப்பட வேண்டிய சமூக மொழிகளின் பட்டியலை 'தமிழ், தெலெகு அண்ட் உர்து' என்று கமா இல்லாமல்தான் முடிக்கிறது. நாட்டின் மூலச் சட்டமே அப்படி இருப்பதால் எங்கள் முடிவுத் தாளிலும் 'போடுவதில்லை, குழம்பினால் மட்டும்' என்றுதான் எழுதியிருக்கிறது. நீங்கள் மாற்றி முடிவெடுத்தாலும் தப்பில்லை.

'குழம்பினால்' என்பதில் எங்கள் சாப்பாட்டுப் பக்கம் அடிக்கடி வரும். டர்பனில் பிரியாணியோடு தால் வருவது ஜோடி. 'சமூசாஸ், வடை, பிரியாணி அண்ட் தால்' என்றால் நான்கு தனிப் பண்டங்கள். ஜோடியாகத்தான் தருகிறீர்கள் என்றால் 'சமூசாஸ், வடை, அண்ட் பிரியாணி அண்ட் தால்.' இங்கே அந்தக் கமா இல்லாமல் முடியாது.

6. சின்னச் சண்டைகள், சீக்கிரமாக

இவற்றுக்கெல்லாம் முடிவுத் தாளில் ஆளுக்கு ஒரு வரி போதும்.

வாக்கியத் தொடக்கத்தில் வரும் சிறு தொடர்: 'இன் ஜனவரி வீ ஃபாஸ்ட்.' கமா உங்கள் விருப்பம். ஐந்தாறு சொல்லுக்கு மேல் நீண்டால் போடுங்கள். படிப்பவர் தவறான இடத்தில் கூட்டிப் படிக்க வாய்ப்பிருந்தால், ஒரே சொல்லானாலும் போடுங்கள்.

வாக்கியக் கடைசியில் 'கூட' என்ற பொருளில் வரும் 'டூ'வுக்கு முன் கமா தேவையில்லை. இதற்காகச் சண்டை போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஒரே எழுவாய்க்கு இரண்டு வினை: 'வீ வாஷ்ட் தி சேரியட் அண்ட் டைட் தி ஃப்ளவர்ஸ்.' கமா வேண்டாம். இரண்டாவது வினைக்குத் தனி எழுவாய் வந்தால் போடுங்கள்.

இரண்டு அடைமொழிகள்: நடுவில் 'அண்ட்' வைத்துப் பாருங்கள், இடம் மாற்றியும் பாருங்கள். 'எ லாங், டயரிங் வாக்' இரண்டுக்கும் ஒத்துவருகிறது, கமா வரும். 'ஆன் ஓல்ட் பிராஸ் லேம்ப்' ஒத்துவராது. 'பித்தளைப் பழைய விளக்கு' என்று தமிழிலும் சொல்வதில்லையே, அதே காது போதும்.

மேற்கோள் குறி: அமெரிக்காவில் கமா எப்போதும் குறிக்கு உள்ளே. பிரிட்டிஷ் முறையில், மேற்கோள் காட்டியவருடைய கமா என்றால் உள்ளே, நம்முடையது என்றால் வெளியே. இங்கே இரண்டாவதுதான்.

7. எண்களை வேறொரு நாளில் பாருங்கள்

சொற்களோடு சேர்த்து எண்களையும் திருத்தாதீர்கள். இந்த நாட்டில் எண்ணுக்குள் வரும் கமா வேறு பிராணி.

1970களில் மெட்ரிக் முறைக்கு மாறியதிலிருந்து இங்கே அதிகாரப்பூர்வத் தசமக் குறி கமா. ஆயிரத்தைப் பிரிக்க இடைவெளி. ஆயிரத்து இருநூற்றைம்பது ராண்ட் ஐம்பது சென்ட்டை 1 250,50 என்று எழுத வேண்டும். பள்ளிக் கணக்குப் புத்தகம் அப்படித்தான். ஆனால் ஆங்கிலச் செய்தித்தாளும் கடை விலைச்சீட்டும் பெரும்பாலும் புள்ளியைத்தான் போடுகின்றன. இதற்கு நடுவே தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் நன்கொடைப் பட்டியலை 1,25,000 என்று எழுதித் தருவார். அதையே வேறொருவர் 125,000 என்பார். பள்ளிப் பிள்ளை இதை நூற்றிருபத்தைந்து என்று படித்தால் அதன்மேல் குற்றமில்லை.

முடிவு எடுங்கள். எங்களுடையது: ஆயிரத்துக்கு இடைவெளி, சென்ட் தேவைப்பட்டால் தசமக் கமா, முழு ராண்டுக்குச் சுழியங்கள் கிடையாது. ஆயிரத்தைப் பிரிக்கக் கமாவை எங்கும் விடாமல் இருப்பதால் இரண்டு விதமாகப் படிக்க வழியே இல்லை. இடைவெளி வரி முறிந்து எண்ணை இரண்டாக்காமலிருக்க, வேர்டில் கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு இடைவெளி விசையைத் தட்டுங்கள்.

எக்செல்லிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. விண்டோஸில் தென்னாப்பிரிக்க அமைப்பு இருந்தால் தசமத்துக்குக் கமாவைத்தான் எதிர்பார்க்கும். 1250.50 என்று புள்ளி வைத்துத் தட்டினால் அது எழுத்தாகவே நின்றுவிடும், கூட்டலில் சேராது. ஒரு ஆண்டு எங்கள் நன்கொடைக் கூட்டல் குறைவாக வந்து, பாவம் பொருளாளர் ஒரு வாரம் தூங்கவில்லை. எண் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் சந்தேகப்படுங்கள். உண்மையான எண் வலப்பக்கம் நிற்கும்.

தசமக் கமா உள்ள எண்களை அடுக்கும்போது நடுவில் அரைப்புள்ளி வையுங்கள்: 1,5; 2,5; 4. இங்கே பள்ளிகளில் வரைபடப் புள்ளிகளைக்கூட அரைப்புள்ளி வைத்துத்தான் எழுதுகிறார்கள்.

தேதிக்குக் கமாவே வேண்டாம். ஒப்பந்தத் தொழிலாளர்களாக முதல் இந்தியர்களை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்த நாளை '16 நவம்பர் 1860' என்று நாள், மாதம், ஆண்டு வரிசையில் எழுதுங்கள். மாதத்தை முன்னால் போடும் அமெரிக்க முறையில் நாளுக்குப் பின் ஒன்று, ஆண்டுக்குப் பின் ஒன்று என இரண்டு கமா வரும். இரண்டாவதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

8. கை வைக்கக் கூடாத இடங்கள்

சட்டம், தீர்மானம், பிறர் கடிதம் எதையாவது மேற்கோள் காட்டியிருந்தால் அதன் கமா அவர்களுடையது. அரசியலமைப்பின் முகப்பு 'வீ, தி பீப்பிள் ஆஃப் சவுத் ஆஃப்ரிக்கா,' என்று இரண்டு கமாவோடு தொடங்குகிறது. 6ஆம் பிரிவில் தெலுங்கின் பெயர் 'தெலெகு' என்ற எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. இரண்டும் அப்படியே போக வேண்டும். ஆர்வக் கோளாறில் 'அண்ட் உர்து'வுக்கு முன் கமா சேர்த்தவர் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்.

நிறுவனப் பெயர்களையும் அவர்கள் பதிவு செய்தபடி விடுங்கள். விளம்பரப் பக்கத்தில் கமாவைத் திருத்தினால், பணம் கொடுத்தவருக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

9. கடைசிச் சுற்று

கணினியில் தேடும் கட்டத்தைத் திறந்து, முதலில் கமாவோடு 'அண்ட்' எங்கெல்லாம் வருகிறது என்று தேடுங்கள். ஒவ்வொன்றையும் முடிவுத் தாளோடு ஒப்பிடுங்கள். 'எல்லாவற்றையும் மாற்று' பொத்தானைத் தொடவே கூடாது. இரண்டு முழு வாக்கியங்களை இணைக்கும் கமாவும் பட்டியல் கமாவும் அதற்கு ஒன்றுதான். அடுத்து 'விச்', 'ஹூ', 'ஹௌவெவர்', 'பிகாஸ்' என்று இந்த வரிசையில் தேடுங்கள்.

பிறகு ஒரு நாள் கழித்து அச்சுப்பிரதியைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படியுங்கள். கதை ஓட்டத்தில் மயங்காமல் இருக்க அதுதான் வழி. இந்தச் சுற்றில் சிவப்புப் பேனா மட்டும் போதும், பென்சிலை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். கடைசி நாளில் விருப்பக் கமாவை மாற்றத் தொடங்கினால், காலையில் போட்டதை மாலையில் எடுப்பீர்கள்.

அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்ததும் இரங்கல் பக்கத்தையும் நன்கொடைப் பட்டியலையும் முதலில் பாருங்கள். பக்கம் அமைக்கும்போது எண்ணுக்குள் இருந்த இடைவெளி கமாவாக மாறி வருவதை இரண்டு முறை பார்த்துவிட்டேன். முடிவுத் தாளின் ஒரு நகலை அச்சகத்துக்கும் கொடுத்துவிடுங்கள். இன்னொரு நகலை, அடுத்த ஆண்டு வருபவர் தேடாமல் எடுக்கும்படி, மலரின் அலுவலகப் பிரதிக்குள் மடித்து வையுங்கள்.